ஊதா அட்டையின் மஞ்சள் விளிம்பு

அத்தியாயம் 6

காலை பத்து மணி. நெதர் காப்லி ஊரின் ஒரே மளிகைக் கடைக்கு வெளியே, ஒரே நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் நின்று, ராலோ ஸ்ப்ரேக் மழையில் நனைந்தபடி நாய்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தான்.

"மேடம், இந்த ஊர்ல மொத்தம் எத்தனை நாய் இருக்கும்?"

"எதுக்கு?" என்றார் மிஸ் பெட்டிஃபர், குடையை அவன் பக்கம் கொஞ்சம்கூடச் சாய்க்காமல்.

"நாய் அசிங்கத்தைப் பத்தி மட்டும் ஏழு நோட்டீஸ். ஏழும் கவுன்சில் போட்டது. ஏழும் மஞ்சத் தாள். நாய்க்குப் படிக்கத் தெரிஞ்சிருந்தா இந்நேரம் வெக்கப்பட்டு ஊரை விட்டே போயிருக்கும்."

"கவுன்சில் நோட்டீஸ் எப்பவும் மஞ்சத் தாள்தான். மஞ்சளைப் பாத்தாலே எல்லாரும் தாண்டிப் போயிடுவாங்க" என்றாள் எட்னா தோர்ப்.

துப்பறியும் மிஸ் ஹானர் பெட்டிஃபரையும் அவர் உதவியாளன் ராலோவையும் இந்த ஊருக்கு வரவழைத்தவள் எட்னாதான். அறுபத்தெட்டு வயது. கல்லில் செதுக்கிய தாடை. பேக்கரிக்கு மேலே இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறாள். அங்கே ஒரு பூந்தொட்டி வைக்கவும் இடமில்லை. அவளுக்கென்று வானத்துக்குக் கீழே இருப்பது ஊர் வயலில் பதினான்காம் எண் பாத்தி ஒன்றுதான். கவுன்சிலுக்குச் சொந்தமான அந்த வயலை இருபது பேர் பாத்தி பிரித்து, காய்கறி போட்டுப் பிழைக்கிறார்கள். கவுன்சில் இப்போது அதை வீடு கட்டுகிறவனுக்கு விற்கிறது. இன்று மாலை ஏழு மணிக் கூட்டத்தில் கையெழுத்து. திங்கட்கிழமை புல்டோசர்.

விற்பதற்கு முன் கவுன்சில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இந்தப் போர்டில் இருபத்தெட்டு நாள் அறிவிப்பு ஒட்டி வைக்க வேண்டும். அதற்குள் ஒரே ஒருவர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தாலும் விற்பனை நின்று, விஷயம் ஊர் ஓட்டுக்குப் போகும். யாரும் எழுதவில்லை. யாரும் அறிவிப்பைப் பார்க்கவே இல்லை. மார்ச் மாதம் முழுக்க ஒட்டியிருந்ததாக கவுன்சில் கிளார்க் மோரின் ஸ்டேன்யன் சாதிக்கிறாள். அவள் ஒட்டவே இல்லை, சேர்மனோடு சேர்ந்து ஏமாற்றிவிட்டாள் என்று ஊரே சொல்கிறது. ஊரில் அதை எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்பவள் எட்னா.

"அந்தப் பாத்தி போச்சுன்னா நான் காலைல எதுக்கு எந்திரிக்கணும்? சொல்லுங்க" என்றாள் எட்னா. "என் புருஷன் வால்டர் நட்ட ப்ளம் மரம் அங்கதான் நிக்குது. அவரோட நான் சண்டை போட்டதெல்லாம் அங்கதான். சமாதானமானதும் அங்கதான்."

மிஸ் பெட்டிஃபர் கைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்தார். கவுன்சில் கோப்பிலிருந்து முந்தைய நாள் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. இதே போர்டு, கண்ணாடிக் கதவு. நடுவில் பளிச்சென்று வயல் விற்பனை அறிவிப்பு. பின்பக்கம் பேனாவில் 'மார்ச் 17' என்று எழுதியிருந்தது.

"இதான் அவங்க சாட்சி. நல்லாப் பாருங்க, மிஸஸ் தோர்ப். அறிவிப்பைப் பாக்காதீங்க. சுத்தி இருக்கறதைப் பாருங்க."

எட்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். ராலோவும் எட்டிப் பார்த்தான். நாய், நாய், தையல் வகுப்பு, நாய், காணாமல் போன பூனை.

"பூனை ஏன் ஓடிப் போச்சுன்னு புரியுது" என்றான் ராலோ.

"வலது மேல் மூலைல என்ன இருக்கு?"

"அதுவா? அது எங்க சர்ச் மூலை. முப்பது வருஷமா அந்த இடம் எங்களுது. அதுல இருக்கறது பூ முறைப் பட்டியல். எந்த ஞாயிறு யார் பூ வைக்கணும்னு நான்தான் எழுதி ஒட்டறேன். இதுக்காகவே சர்ச்சுக்குன்னு போர்டோட ரெண்டாவது சாவி..." எட்னாவின் பேச்சு நின்றது.

"சர்ச்ல பூ வைக்கறதை எப்ப நிறுத்துவீங்க?" என்று மெதுவாகக் கேட்டார் மிஸ் பெட்டிஃபர்.

எட்னாவின் முகம் சிவந்தது. பிறகு மலர்ந்தது.

"சாம்பல் புதன்லேருந்து ஈஸ்டர் வரைக்கும் ஒரு பூ கூடக் கிடையாது! தவக்காலம்! பட்டியலை நான் முன்னாடி ஞாயித்துக்கிழமையே எடுத்துடுவேன். அதுக்குப் பதிலா என் ஊதா அட்டைதான் தொங்கும். 'ஈஸ்டர் வரை பூ இல்லை'ன்னு. மார்ச் பதினேழுல பூப் பட்டியல் எப்படி இருக்கும்? இது ஈஸ்டருக்கு அப்புறம் எடுத்த படம்! பொய்! பித்தலாட்டக்காரி!"

"கோயிலுக்குப் போகாதவங்க செய்யற தப்பு" என்றார் மிஸ் பெட்டிஃபர்.

"நானும்தான் போறதில்ல மேடம். ஆனா நான் படமும் எடுக்கறதில்ல" என்றான் ராலோ. ஆனாலும் அவனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இந்த வழக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும் போலிருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு பன்றிக்கறிப் பஃப்ஸ் வாங்கக் கடைக்குள் போனான். கடைக்காரர் கீத் பாப்பிள் பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

"எட்னாவுக்குக் கைவேலை நல்லா வரும்ப்பா. அந்த ஊதா அட்டைய சாக்லேட் பெட்டி மூடில வெட்டினது, முட்டை வடிவத்துல. வருஷா வருஷம் அதேதான். இந்த வருஷம் சுத்தி மஞ்ச விளிம்பு வேற வச்சு ஜோரா இருந்துச்சு. இங்கேருந்து ஜன்னல் வழியா தினமும் பாப்பேன். கடைசில ஏனோ விளிம்பை எடுத்துட்டா."

"அதுக்கும் தவக்காலமோ என்னமோ" என்று சொல்லிவிட்டு ராலோ பஃப்ஸைக் கடித்தான். சிரித்துக்கொண்டே வெளியே வந்தவன் அதை மிஸ் பெட்டிஃபரிடம் ஒரு வேடிக்கையாகச் சொன்னான். அவர் சிரிக்கவில்லை. எட்னா போன பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"விளிம்பா?" என்றார்.

"ஆமா மேடம், விளிம்பு."

"வா, கிளார்க் வீட்டுக்குப் போவோம்."

மோரின் ஸ்டேன்யன் வீட்டின் முன் ஜன்னலில் கண்ணாடி இல்லை. அட்டைப் பெட்டியை மடக்கி ஒட்டியிருந்தாள். கதவில் யாரோ தாரால் எழுதியதைத் துடைத்த கறை. துடைத்தும் 'திருடி' என்று படிக்க முடிந்தது. இது நாகரிகமான ஊர், திருவிழாவில் பரிசு வாங்கின தோட்டங்கள் உள்ள ஊர். ராலோ பஃப்ஸின் மிச்சத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். பசி போய்விட்டது.

கதவைத் திறந்தவள் ஒல்லியாக, சுத்தமாக இருந்தாள். தேநீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. இந்த நாட்டில் அதுவே பெரிய கோபம்.

மிஸ் பெட்டிஃபர் படத்தை மேஜையில் வைத்தார். "பூப் பட்டியல்" என்றார். அவ்வளவுதான்.

மோரின் பார்த்தாள். மறுக்கவில்லை.

"ஈஸ்டர் முடிஞ்சு ரெண்டாவது வாரம் எடுத்தது. சேர்மன் சாட்சி கேட்டார். என்கிட்ட இல்ல. புதுத் தாள்ல அடிச்சு, திரும்ப ஒட்டிப் படம் எடுத்தேன். போதுமா?"

"போதும்! ரொம்பவே போதும்!" என்று எழுந்தான் ராலோ.

"உக்காரு" என்றார் மிஸ் பெட்டிஃபர். "மிஸஸ் ஸ்டேன்யன், அந்த நிஜ அறிவிப்பு உங்ககிட்ட இருக்கா?"

மோரின் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு கோப்போடு வந்தாள். மஞ்சள் தாள் ஒன்றை எடுத்து மேஜைமேல் விரித்தாள்.

தாளின் நான்கு ஓரங்களும் வெளுத்துப்போயிருந்தன. மலிவுத் தாள், தெற்கு பார்த்த கண்ணாடி. மார்ச் மாத வெயிலே அதற்குப் போதும். நடுவில் மட்டும் நிறம் அப்படியே இருந்தது. புதுத் தாளின் பளிச்சென்ற மஞ்சள், முட்டை வடிவத்தில்.

ராலோ மெதுவாக உட்கார்ந்தான்.

"சாம்பல் புதனுக்கு முதல் நாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒட்டினேன்" என்றாள் மோரின். "தவக்காலம் வரப்போகுதுன்னு ஊரே வீட்டுக்குள்ள பான்கேக் சுட்டுக்கிட்டிருந்த நேரம். போர்டுல இடமே இல்ல. சர்ச் மூலை மட்டும் காலியா இருந்துச்சு. அங்க ஒட்டினேன். மறுநாள் காலைல எட்னா வந்தா. அவ மூலையில ஏதோ தாள் இருக்குன்னு பாத்தா. என்ன ஏதுன்னு படிச்சாளா? அது மேலயே தன் அட்டைய குத்திட்டுப் போயிட்டா."

ஊர் முழுக்க ஆட்சேபம் எழுத வேண்டிய அறிவிப்பை, ஊரில் எல்லோரையும்விடச் சத்தமாக அழுகிறவளே தன் கையால் மூடிவிட்டாள். நான்கு வாரம் அதன் ஓரத்தை எல்லோரும் அலங்காரம் என்று நினைத்து ரசித்திருக்கிறார்கள்.

"அப்ப கவுன்சில் தன் கடமையைச் செஞ்சிருக்கு. ஊர்க்காரங்க ஒருத்தர் மறைச்சா அதுக்குக் கவுன்சில் பொறுப்பில்ல. விற்பனை செல்லும்" என்றான் ராலோ. எட்னா அவர்களை அழைத்தது எதற்கு? இதற்கா?

மிஸ் பெட்டிஃபர் இன்னும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப எடுத்தீங்க இதை?"

"மார்ச் முப்பத்தொண்ணு. இருபத்தெட்டு நாள் முடிஞ்சதும்."

"ஈஸ்டர் ஏப்ரல்லதான். அதாவது நீங்க எடுத்தப்ப அட்டை மேலயே இருந்துச்சு. அதைக் கழட்டி, அடியில இருந்ததை எடுத்து, மறுபடி அதே ஓட்டையில அட்டையைக் குத்தி வச்சீங்க." குரல் உயரவே இல்லை. "போர்டுக்கு எதிர்ல தினமும் ரொட்டி வாங்கறீங்க. முப்பத்தொண்ணாம் தேதிதான் முதல் தடவையா பாத்தீங்களா?"

மோரின் மேஜை விரிப்பின் ஒரு மடிப்பை நீவினாள். மறுபடி நீவினாள்.

"முதல் வியாழக்கிழமையே பாத்தேன்" என்றாள்.

"பாத்துட்டு?"

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு நோட்டீஸுக்கு இடம் பத்தலன்னு அவ அட்டையை ஒரு அங்குலம் நகர்த்தினேன். ஒரே அங்குலம். எட்டு மாசம் என்கூடப் பேசல. என் தங்கச்சி செத்ததுக்குக்கூட வரல. கடையில நான் நுழைஞ்சா வெளில போயிடுவா. அதனால இந்தத் தடவை தொடல. கிடக்கட்டும்னு விட்டேன். யார் படிக்கப் போறா, எல்லாரும் தாண்டித்தானே போறாங்கன்னு நெனச்சேன்." விரிப்பிலிருந்து கையை எடுத்தாள். "உண்மையைச் சொல்றேன். ஒரு ஓரத்துல சந்தோஷமாவும் இருந்துச்சு."

மிஸ் பெட்டிஃபர் நாற்காலியை முன்னால் இழுத்தார். "கவுன்சில் கிளார்க்குக்கே தெரிஞ்சு அறிவிப்பு மூடியிருந்துச்சுன்னா, அது அறிவிப்பே இல்ல. விற்பனை செல்லாது. இந்த ஒரு வரியை நீங்க எழுதிக் குடுத்தாப் போதும். வயல் தப்பிச்சிடும்."

"என் வேலை போயிடும். பத்தொன்பது வருஷ வேலை."

"போயிடும்" என்றார் மிஸ் பெட்டிஃபர். பொய் சொல்லத் தெரியாதவர் அவர்.

மோரின் அட்டை ஒட்டிய ஜன்னலைப் பார்த்தாள். "இதுல கல்லை எறிஞ்சது எட்னாவோட அண்ணன் பையன். எறியச் சொன்னது யாருன்னு எனக்குத் தெரியும். எழுதறேன். ஆனா அவ இங்க வரணும். இந்த வாசப்படியில நின்னு, 'தப்பு என்னோடது, மன்னிச்சுக்கோ மோரின்'னு ஒரு வார்த்தை. நான் ஆறே முக்காலுக்குக் கூட்டத்துக்குக் கெளம்புவேன். அதுக்குள்ள வந்தா, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பேன்."

எட்னா பதினான்காம் பாத்தியில் குனிந்து ருபார்ப் என்ற புளிப்புக் கீரையின் தண்டுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ப்ளம் மரத்தில் பூ உதிர்ந்து பச்சைப் பிஞ்சு பிடித்திருந்தது. மிஸ் பெட்டிஃபர் எல்லாவற்றையும் சொன்னார். எதையும் பூசி மெழுகவில்லை.

"நான் இல்ல" என்றாள் எட்னா உடனே.

எட்னாவின் கை ருபார்ப் இலையைக் கிழித்துக்கொண்டே இருந்தது.

"மஞ்சத் தாள் ஒண்ணு இருந்துச்சு" என்றாள் கடைசியில். "நாய் சமாச்சாரம்னு நெனச்சேன். எங்க மூலையில ஒட்ட இவளுக்கு என்ன திமிர்னு நெனச்சேன். படிக்கல."

"இப்ப ஒரு வழி இருக்கு, மிஸஸ் தோர்ப்."

"அவ வீட்டு வாசல்லயா? அவகிட்ட நானா?"

"ஒரு வார்த்தைம்மா" என்றான் ராலோ. கிண்டல் செய்தே பழகிய அவன் குரல் கெஞ்சியது. "நாக்கு தேஞ்சா போயிடும்? நான் வேணா பக்கத்துல நிக்கறேன். நீங்க வாயசைங்க, நான் சத்தம் குடுக்கறேன்."

எட்னா மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கையைப் பாவாடையில் துடைத்தாள். "கோட்டை எடுத்துட்டு வரேன்" என்றாள்.

ஆறரைக்கு மோரின் வீட்டு வெளிக் கதவுக்கு வந்துவிட்டாள். ராலோவும் மிஸ் பெட்டிஃபரும் சாலைக்கு எதிர்ப்புறம் நின்றார்கள். எட்னா கதவின் கொக்கியில் கை வைத்தாள். திறக்கவில்லை. உடைந்த ஜன்னலில் அவள் கண் போய் நின்றது. உள்ளே அட்டையின் ஓரம் அசைந்தது. மோரின் அங்கேதான் நிற்கிறாள், பார்க்கிறாள். வெளியே ஒருத்தி தட்ட வேண்டும், உள்ளே ஒருத்தி திறக்கலாம். பத்தடித் தூரம். ராலோவுக்கு இரண்டு பேரையும் கழுத்தைப் பிடித்து நெருக்கலாம் போலிருந்தது.

ஆறே முக்காலுக்கு வாசல் கதவு திறந்தது. மோரின் கூட்டக் குறிப்பேட்டை மார்போடு அணைத்தபடி வந்தாள். இருவரும் வெளிக் கதவின் இரு பக்கமும் நின்றார்கள்.

எட்னா வாயைத் திறந்தாள்.

"நீ பாத்தியாமே" என்றாள் எட்னா. "பாத்துட்டு சும்மா இருந்தியா?"

மோரினின் முகத்தில் ஏதோ ஒன்று திறந்து, மூடிக்கொண்டது.

"வழி விடு, எட்னா. கூட்டத்துக்கு நேரமாச்சு."

எட்னா வழி விட்டாள்.

ஊர் மண்டபத்தில் நாற்பது நாற்காலி. பாத்தி வைத்திருக்கிற இருபது பேரும் வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சேர்மன் தொண்டையைக் கனைத்தார். "பொதுமக்கள் நேரம். ஊர்க்காரங்க மட்டும், ஆளுக்கு மூணு நிமிஷம். யாராவது பேசணுமா?"

ராலோ பாதி எழுந்தான். மிஸ் பெட்டிஃபர் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தார். வெளியூர்க்காரனுக்கு இங்கே வாய் கிடையாது.

எட்னா எழுந்தாள். முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். எதிரே மேஜையில் மோரின், பேனாவைத் தாளின் மேல் வைத்துக் காத்திருந்தாள். அவள் பேனாவை ஒரு தடவை கீழே வைக்கப் போனாள் என்று ராலோ பிறகு சத்தியம் செய்வான். மூடியது நான்தான் என்று எட்னா ஆரம்பித்தால், நான் பார்த்தேன் என்று அவள் முடித்திருப்பாள் என்றும் சொல்வான். அண்டை அயலார் இருபது பேர் எட்னாவைப் பார்த்தார்கள். இரண்டு மாதமாக அவள் பின்னால் நின்று, அவள் பேச்சைக் கேட்டு மோரினைத் திருடி என்று ஏசியவர்கள்.

எட்னா உட்கார்ந்துவிட்டாள்.

"யாரும் இல்லையா?" என்றார் சேர்மன். "நல்லது."

மோரின் குனிந்து எழுதினாள். முன் வரிசையிலிருந்து ராலோவால் அதைப் படிக்க முடிந்தது. 'பொதுமக்களிடமிருந்து கேள்வி எதுவும் இல்லை.' அதன் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டாள்.

மறுநாள் காலை காரில் ஊரை விட்டுக் கிளம்பும்போது கடைக்கு முன்னால் நிறுத்தினார்கள். போர்டில் புதிதாக ஒரு மஞ்சள் தாள். திங்கட்கிழமை முதல் வயலுக்குள் யாரும் நுழையக் கூடாது, பாத்திக்காரர்கள் தங்கள் செடிகளை ஞாயிறு மாலைக்குள் அகற்றிக்கொள்ளலாம்.

"இதை மட்டும் எல்லாரும் படிப்பாங்க" என்றான் ராலோ.

மிஸ் பெட்டிஃபர் கண்ணாடியருகே குனிந்து பார்த்தார். அறிவிப்பை இடது பக்கம் நன்றாகத் தள்ளி, நாய் நோட்டீஸ் இரண்டின் மேல் ஏற்றி ஒட்டியிருந்தாள் மோரின். வலது மேல் மூலையில் எட்னாவின் பூ முறைப் பட்டியல் இருந்தது. அதைச் சுற்றி நான்கு பக்கமும் சரியாக ஒரு அங்குலம் இடம் விட்டிருந்தது.